விடியற்காலை நான்கரை மணி ரேடியோ

2006இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் ஆர்ட்டீசியா என்ற ஊரில் என் பெரியப்பா மகன் ஒரு உணவகம் நடத்திக்கொண்டிருந்தார். வேலைக்குப் போவதற்கு முன்னால் நான் தினமும் அங்கே போய்க் கணக்கு எழுதுவேன், காய்கறி வண்டி வந்தால் இறக்கிவைப்பேன். கடையைத் திறப்பவர் தோசை மாஸ்டர். மெக்ஸிகோவின் புவேப்லா மாநிலத்துக்காரர். அமெரிக்காவில் நம் ஊர் ஓட்டல்களின் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது, மாவு பதம் பார்த்துக் கல்லில் தண்ணீர் தெளித்து முறுகலாகத் தோசை வார்ப்பவர் பல இடங்களில் மெக்ஸிகோக்காரர்தான். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். அவருடைய ஆட்கள் அவரை மாயெஸ்த்ரோ என்பார்கள், அங்கேயும் கைத்தொழில் தெரிந்தவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சொல் என்று தெரிந்த நாளில் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் உள்ளே வந்ததும் முதலில் விளக்கைப் போடுவார், அடுத்து ரேடியோவைப் போடுவார், அதற்குப் பிறகுதான் அடுப்பு. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த அந்த ரேடியோவின் ஆன்டெனா உடைந்து, துணி மாட்டும் கம்பியை வளைத்துச் செருகியிருந்தார்கள். வால்யூம் திருகியில் மஞ்சள் கறை. கிரைண்டர் ஓடும் சத்தத்தையும் தாண்டி அதில் ஒருவர் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் சில நேரம் அழுதுகொண்டும் இருப்பார். அவர்தான் எடி சொடேலோ. ஊர் முழுக்க அவருக்குப் பெயர் பியோலின், கார்ட்டூனில் வரும் மஞ்சள் குஞ்சுப் பறவையின் ஸ்பானிஷ் பெயர் அது. 1986இல் பதின்ம வயதுப் பையனாக, கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் எல்லையைத் தாண்டி வந்தவர். பல வருடம் கழித்துத்தான் சட்டப்படி தங்கும் உரிமை கிடைத்தது. அதை அவர் மறைத்ததே இல்லை. அவர் நிகழ்ச்சிக்குக் கட்டடத் தொழிலாளி போன் செய்வார், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா பஸ்ஸிலிருந்து போன் செய்வார், ஊரில் இருக்கும் தாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள். எனக்கு ஸ்பானிஷ் வந்ததே அந்த ரேடியோவால்தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களின் வாக்குகளைப் பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் நிறையப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அந்த வாக்கு எங்கே ஊறி எப்படி எழுகிறது என்பதை நான் பார்த்தது அந்த அடுப்படியில்தான். தினமும் காலையில் பக்கத்தில் இருந்த ஒரு குரல் ஒருநாள் "வாங்க, போகலாம்" என்றது. இவர்களும் போனார்கள். அவ்வளவு நாள் கூடவே இருக்காத குரல் கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டார்கள்.

2005 டிசம்பரில் அமெரிக்கக் கீழவை எச்.ஆர். 4437 என்ற மசோதாவை நிறைவேற்றியது. விஸ்கான்சினைச் சேர்ந்த ஜேம்ஸ் சென்சன்பிரென்னர் கொண்டுவந்தது. ஆவணமில்லாமல் நாட்டில் இருப்பதையே கடுங்குற்றமாக்க வேண்டும், அப்படிப்பட்டவர்களுக்கு உதவி செய்பவர்களும் தண்டனைக்கு ஆளாகலாம் என்றது அது. சாப்பாடு போடும் பாதிரியார்கூட மாட்டிக்கொள்வார் என்ற பயம் வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் கார்டினல் ரோஜர் மஹோனி 2006 சாம்பல் புதனன்று, இது சட்டமானால் கீழ்ப்படிய வேண்டாம் என்று தன் குருமாரிடம் சொல்வேன் என்றார். இந்த விவரங்களையெல்லாம் நான் ஆங்கிலப் பத்திரிகையில் படிப்பதற்கு முன்பே கடையில் பாத்திரம் கழுவுபவர் எனக்குச் சொல்லிவிட்டார். ரேடியோவில் கேட்டிருக்கிறார்.

அந்த ஊரில் காலை ரேடியோ என்பது பெரிய போட்டி. பியோலின் ஒரு நிலையம், எல் குகூய் இன்னொரு நிலையம், எல் மந்த்ரில் வேறொன்று. குகூய் என்றால் நம் பூச்சாண்டிதான், ஹோண்டுராஸிலிருந்து வந்த ரெனான் அல்மெந்தாரெஸ் கோயெயோ தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. ஒருவர் நேயர்களை இன்னொருவர் பிடுங்கிக்கொண்டே இருந்தவர்கள். மார்ச் 25 பேரணிக்குச் சில நாள் முன்பு அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்து ஒரே அழைப்பை விடுத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள், அமெரிக்கக் கொடி கொண்டுவாருங்கள், சண்டை வேண்டாம், அப்புறம் குப்பை அள்ள ஒரு பிளாஸ்டிக் பை எடுத்து வாருங்கள், நாம் போன பின்னால் தெரு சுத்தமாக இருக்க வேண்டும். இதை நாள் தவறாமல், பாட்டுக்குப் பாட்டு நடுவில் சொன்னார்கள்.

மார்ச் 25 சனிக்கிழமை. எங்களுக்கு அதுதான் வாரத்திலேயே பெரிய வியாபாரம். வியாழக்கிழமையே மாஸ்டர் வந்து, நாங்கள் நாலு பேரும் சனிக்கிழமை வரமாட்டோம் என்றார். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை, சொன்னார். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணி, "நான் வார்க்கிறேன் போ, மசால் தோசையும் சாதா தோசையும் மட்டும்னு எழுதி ஒட்டு" என்றார். சரி என்று முடிந்தது. நான் நாலு பேரையும் காரில் ஏற்றி நார்வாக் ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன். பிளாட்பாரத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் நானும் ரயிலில் ஏறிவிட்டேன்.

ஒலிம்பிக் சாலையும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்திலிருந்து நகரசபைக் கட்டடம் வரை, எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சட்டை. போலீஸ் கணக்கே 5 லட்சம் பேர் என்றது. எனக்கு எண்ணிக்கையைவிட நினைவில் நிற்பது ஒரு பாட்டி. ஒரு கையில் பேரனையும் மறு கையில் கறுப்புக் குப்பைப் பையையும் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து தண்ணீர் பாட்டிலைப் பொறுக்கியபடியே கோஷமும் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் போட்ட கோஷம், "ஓய் மார்ச்சாமோஸ், மஞானா வோத்தாமோஸ்." இன்று நடக்கிறோம், நாளை வாக்களிப்போம்.

அந்த மசோதா மேலவையைத் தாண்டவில்லை. அதோடு கதை முடிந்ததாகத்தான் பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கோஷத்தின் இரண்டாம் பாதியில் பெரிய சிக்கல் இருந்தது. நடந்தவர்களில் ஏராளமானோருக்கு வாக்கே கிடையாது. சிலருக்கு ஆவணம் இல்லை, சிலருக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை, இன்னும் பலர் எங்கள் மாஸ்டர் மாதிரி கிரீன் கார்டு வைத்துக்கொண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே வருடக்கணக்காக இருந்தவர்கள். ரீகன் காலத்தில் 1986இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தில் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்கும் உரிமை கிடைத்தது, மாஸ்டரும் அதில் ஒருவர். அவர் ஏன் அதற்கு மேல் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஆங்கிலத் தேர்வு பயம் என்றார். கட்டணம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, ஊரில் அப்பா விட்டுப்போன கொஞ்சம் சோள நிலம் இருக்கிறது, இங்கே சத்தியப்பிரமாணம் செய்தால் அது போய்விடுமோ என்று பயம் என்றார். மெக்ஸிகோ 1998 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. எட்டு வருடமாக அது அவருக்குத் தெரியவே இல்லை.

அதை அவருக்குச் சொன்னது எந்த அரசு அலுவலகமும் இல்லை, டிவிதான். 2007 தொடக்கத்தில் "யா எஸ் ஓரா", அதாவது நேரம் வந்தாச்சு என்ற பெயரில் ஒரு இயக்கம் ஆரம்பித்தது. யூனிவிஷன் என்ற ஸ்பானிஷ் டிவி வலைப்பின்னலின் லாஸ் ஏஞ்சலிஸ் நிலையமான கே.எம்.இ.எக்ஸ்., லா ஒபினியோன் நாளிதழ், லத்தீனோ மக்கள் பிரதிநிதிகளின் சங்கமான நலேயோ, தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தியது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், விழிப்புணர்வு என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போகவில்லை. விண்ணப்பப் படிவத்தின் ஒவ்வொரு பகுதியையும் எப்படி நிரப்புவது, எந்தக் காகிதத்தை எடுத்து வைப்பது, வெளிநாட்டில் இருந்த நாட்களை எப்படிக் கணக்கிடுவது என்று செய்திகளுக்கு நடுவில் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டுடியோவிலேயே போன் வரிசையாக வைத்து, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். மாஸ்டர் அப்படி ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார், பழைய வரிக் காகிதங்களையெல்லாம் ஒரு பாஸ்மதி அரிசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு.

இன்னொரு உந்துதலும் சேர்ந்துகொண்டது. 2007 ஜூலை கடைசியில் விண்ணப்பச் செலவு, கைரேகைக் கட்டணத்தையும் சேர்த்து, 400 டாலரிலிருந்து 675 டாலராக ஏறியது. அதற்குள் போட்டுவிட வேண்டும் என்று ஓடினார்கள். முந்தைய ஆண்டு நாடு முழுவதும் சுமார் 7.3 லட்சம் விண்ணப்பங்கள், 2007இல் சுமார் 13.8 லட்சம். கட்டண உயர்வு மட்டும்தான் காரணம் என்பவர்களும் உண்டு. கட்டணம் ஏறப்போகிறது என்ற செய்தியையும் இதே டிவியும் ரேடியோவும்தானே அடுப்படிவரை கொண்டுவந்து சேர்த்தன என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு செப்டம்பரில் மயாமி பல்கலைக்கழகத்தில் யூனிவிஷன் நடத்திய ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் மேடையை நாங்கள் கடையிலேயே பார்த்தோம். ஹோர்கே ராமோஸும் மரியா எலெனா சாலினாஸும் ஸ்பானிஷில் கேள்வி கேட்க, ஹிலாரி, ஒபாமா எல்லோரும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். நியூ மெக்ஸிகோ ஆளுநராக இருந்த பில் ரிச்சர்ட்சனுக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும், ஆனால் ஆங்கிலத்தில்தான் பதில் என்பது விதி. அவர் அதை மேடையிலேயே ஆட்சேபித்தார். மாஸ்டருக்கு அன்று ரிச்சர்ட்சன் மேல் பரிதாபம். எனக்கு வேறொன்று தோன்றியது. அதிபராக வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும், ஒருமுறையாவது, பாத்திரம் கழுவுபவர் எப்போதும் செய்கிற வேலையைச் செய்தார்கள், புரியாத மொழியில் வரும் கேள்விக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

மாஸ்டர் 2008 கோடையில் சத்தியப்பிரமாணம் செய்தார். ஆயிரக்கணக்கானோர் நிறைந்த மண்டபம், வெளியே வந்தால் வாக்காளர் பதிவு மேஜைகள். காரில் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்துவிட்டார். நவம்பரில் முதல் வாக்கு. 48 வயதில்.

பிறகு இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, இந்த விடியற்காலை ரேடியோ ஒன்றும் புதிதில்லை என்று தெரிந்தது. 1920களின் கடைசியிலேயே பெத்ரோ கொன்சாலெஸ் என்ற பாடகர் இதே லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பர்பாங்கில் ஒரு நிலையத்தில் "லோஸ் மத்ருகதோரெஸ்" என்ற நிகழ்ச்சி நடத்தினார். விடியலுக்கு முன்னால் எழுகிறவர்கள் என்று பொருள். நேரம் காலை 4 முதல் 6. அந்த நேரம் மலிவு, ஆங்கிலம் பேசுகிற ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் யார்? வயலுக்கும் கட்டட வேலைக்கும் கிளம்புகிற மெக்ஸிகோக்காரர்கள்தான். இளவயதில் மெக்ஸிகோப் புரட்சித் தலைவர் பான்ச்சோ வியாவின் படையில் தந்தி அடித்தவர் கொன்சாலெஸ். வேலை எங்கே இருக்கிறது என்று பாட்டுக்கு நடுவில் சொல்வார். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மெக்ஸிகோ வம்சாவளியினரை, அமெரிக்காவில் பிறந்தவர்களையும் சேர்த்து, ரயிலில் ஏற்றி அனுப்பியபோது அதை எதிர்த்துப் பேசினார். 1934இல் பாலியல் வன்முறை வழக்கில் கைது செய்தார்கள். புகார் சொன்ன பெண்ணே பின்னால் அதை மறுத்தார், ஆனாலும் சான் குவென்டின் சிறையில் ஆறு வருடம். 1940இல் வெளியே விட்டதும் நாடு கடத்திவிட்டார்கள். காலை நான்கு மணிக்கு ஏழைகளிடம் பேசுகிற ஒருவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை அவருடைய நேயர்களைவிட எதிராளிகள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

அதற்கும் முன்னால் 1914இல் டெக்ஸஸ் லரேடோவில் ஹோவிதா இதார். எல் ப்ரோக்ரெஸோ பத்திரிகை அதிபர் வில்சனை விமர்சித்ததற்காக அச்சகத்தை மூட டெக்ஸஸ் ரேஞ்சர்கள் வந்தபோது, வாசற்படியில் குறுக்கே நின்று உள்ளே விடவில்லை. மறுபடி அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து உடைத்தார்கள். 1970 ஆகஸ்ட் 29இல் கே.எம்.இ.எக்ஸ். செய்தி இயக்குநர் ரூபன் சலாசார், வியட்நாம் போருக்கு எதிரான சிக்கானோ, அதாவது மெக்ஸிகோ அமெரிக்கர் பேரணியைச் செய்தியாக்கப் போன இடத்தில், ஒரு மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்தவர் மேல் ஷெரிஃப் துறையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்து இறந்தார். 42 வயது. மாஸ்டரின் குடும்பத்துக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தது அவர் வேலை பார்த்த அதே நிலையம்தான்.

சரி, "லத்தீனோ" என்ற அடையாளம் எங்கிருந்து வந்தது? மாஸ்டரை யாராவது நீங்கள் யார் என்று கேட்டால் முதலில் "பொப்லானோ" என்பார், புவேப்லாக்காரன். அடுத்து மெக்ஸிகோக்காரன். லத்தீனோ என்பதை அவர் சொல்லக் கேட்டது ரேடியோ பேச்சைத் திருப்பிச் சொல்லும்போதுதான். 1960கள் வரை லாஸ் ஏஞ்சலிஸின் மெக்ஸிகோக்காரர், நியூயார்க்கின் புவேர்த்தோ ரிக்கோக்காரர், மயாமியின் கியூபாக்காரர் மூவரும் தங்களை ஒரே கூட்டமாக நினைத்ததில்லை. டெக்ஸஸ் சான் அன்டோனியோவில் ராவுல் கொர்தெஸ் 1946இல் ஆரம்பித்த கே.சி.ஓ.ஆர். ரேடியோவும், 1955இல் அவர் தொடங்கிய டிவி நிலையமும் பின்னால் ஒரு வலைப்பின்னலாக வளர்ந்து 1980களில் யூனிவிஷன் ஆனது. நாடு முழுக்க விளம்பரம் விற்க வேண்டுமானால் நாடு முழுக்க ஒரே நேயர் கூட்டம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதே சமயத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைச் சரியாக எண்ணவில்லை என்று மெக்ஸிகோ அமெரிக்க அமைப்புகள் போராடிக்கொண்டிருந்தன. 1980 கணக்கெடுப்பில்தான் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியா என்ற கேள்வி எல்லாருடைய படிவத்திலும் வந்தது. போராடியவர்கள், அரசு, டிவிக்காரர்கள், மூன்று பேருக்கும் அந்தச் சொல் வேண்டியிருந்தது. நம்மையும் சேர்த்துச் சொல்கிறேன், 1970இல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்திருந்தார்கள், அதே 1980 படிவத்தில்தான் "ஆசிய இந்தியர்" என்று தனிக் கட்டம் வந்தது. கட்டம் வந்த பிறகுதான் இங்கே தமிழனும் பஞ்சாபியும் குஜராத்தியும் ஒரு கூட்டமாக எண்ணப்பட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் லத்தீனோ என்பது போலி அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மார்ச் 25இல் என் பக்கத்தில் நடந்தவர்களில் சால்வடோர்க்காரர், குவாத்தமாலாக்காரர், மெக்ஸிகோக்காரர் எல்லாரும் இருந்தார்கள், அந்த மசோதா எல்லாரையும் ஒன்றாகத்தான் மிரட்டியது. 1994இல் கலிஃபோர்னியாவில் ஆளுநர் பீட் வில்சன் ஆதரித்த, மக்களின் நேரடி வாக்குக்கு விட்ட 187ஆம் தீர்மானமும் அப்படித்தான், ஆவணமில்லாத குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் வேண்டாம், பெரும்பாலான மருத்துவமும் வேண்டாம் என்றது, கிட்டத்தட்ட 59 சதவீத வாக்கில் ஜெயித்தது, நீதிமன்றம் தடுத்தது. எல்லையில் ஆட்கள் ஓடுவதைக் கறுப்பு வெள்ளையில் காட்டி "வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்ற அந்த விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் பல குடும்பங்கள் குடியுரிமை வாங்கி வாக்காளராகப் பதிந்தன. அடிக்கும்போது சேர்கிறார்கள். அடி நின்ற பிறகும் சேர்த்துவைத்திருக்க வேறு ஏதாவது வேண்டும், அதைத்தான் கட்சிகள் செய்யவே இல்லை.

செய்தவர் ஒருவர் உண்டு. வில்லி வெலாஸ்கெஸ், சான் அன்டோனியோக்காரர். 1974இல் தென்மேற்கு வாக்காளர் பதிவுத் திட்டத்தைத் தொடங்கினார். "சு வோத்தோ எஸ் சு வோஸ்", உங்கள் வாக்குதான் உங்கள் குரல் என்பது அவருடைய வாசகம், ஸ்பானிஷில் அந்த இரண்டு சொல்லும் மோனை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவர் பெரிய தேசியப் பேச்சோடு தெருவுக்குள் போகவில்லை. உங்கள் தெருவில் என்ன பிரச்சினை என்று கேட்டார், அதற்கும் நகரசபை வாக்குக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். தொகுதி எல்லைகளை நியாயமாக வரையச் சொல்லி வழக்குப் போடவும் செய்தார்கள். 1975இல் வாக்குரிமைச் சட்டம் விரிவாகி, குறிப்பிட்ட இடங்களில் ஸ்பானிஷ் வாக்குச்சீட்டு கட்டாயமானதும் கைகொடுத்தது. 1988இல் 44 வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

மற்றபடி கட்சிகள் செய்ததெல்லாம் கடைசி நேர விளம்பரம். 1960இல் ஜாக்குலின் கென்னடி ஸ்பானிஷில் பேசி வாக்குக் கேட்டார், அது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். அறுபது வருடம் கழித்தும் அக்டோபர் மாதம் ஆனால் அதே மாதிரி ஒரு விளம்பரம், ஒரு மாரியாச்சிப் பாட்டு, ஒரு "சீ சே புவேதே", முடியும் என்ற கோஷம். 2012இல் வாக்களிக்கத் தகுதியுள்ள லத்தீனோக்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை, 48 சதவீதம்தான். வரவில்லையே என்று அவர்கள் மேல் வருத்தப்படுகிற கட்டுரைகளை அப்போது நிறையப் படித்தேன். நடுவில் இருக்கிற நாலு வருடம் அவர்கள் வீட்டு வாசலில் யார் இருந்தார்கள் என்று அந்தக் கட்டுரைகள் கேட்கவில்லை.

2024 வந்தபோது தகுதியுள்ள லத்தீனோ வாக்காளர்கள் 3.62 கோடி. முடிவு வந்த இரவு எல்லாரும் டெக்ஸஸின் ஸ்டார் கவுன்டி என்ற மாவட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். ரியோ கிராண்டே நதிக்கரையில் இருக்கும், கிட்டத்தட்ட முழுக்கவே மெக்ஸிகோ வம்சாவளி மக்கள் வாழும் இடம். 2016இல் ஹிலாரிக்கு 60 புள்ளி வித்தியாசத்தில் விழுந்த ஊர், 1892க்குப் பிறகு முதல்முறையாகக் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு விழுந்தது. மயாமி-டேட் கவுன்டியும் 1988க்குப் பிறகு முதல்முறையாக அந்தப் பக்கம் போனது. துரோகம் என்றார்கள் சிலர், அறியாமை என்றார்கள் சிலர். இரண்டையும் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்டார் கவுன்டிக்காரரின் குடும்பம் அங்கே இருப்பது எல்லைக்கோடு வருவதற்கு முன்னாலிருந்து, அங்கே எண்ணெய்க் கிணறு வேலையும் எல்லைக் காவல் வேலையும்தான் நல்ல சம்பளம். மயாமியில் கியூபாவிலிருந்து வந்தவர்கள் ரேடியோ மம்பி போன்ற நிலையங்களில் காஸ்ட்ரோவுக்கு எதிரான பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள், அங்கே சோஷலிஸம் என்ற ஒரு சொல் போதும். 2022இல் ஜனநாயகக் கட்சி வட்டாரத்தோடு தொடர்புள்ள ஒரு புது நிறுவனம் ரேடியோ மம்பி உட்பட 18 நிலையங்களை 6 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது, சில தொகுப்பாளர்கள் வெளியேறினார்கள், ஊரே கொந்தளித்தது. ரேடியோவில் தினமும் பேசுபவர் அவர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. நிலையத்தை வாங்கலாம், அந்த உறவு கூடவே வந்துவிடாது.

எங்கள் அடுப்படியிலும் எல்லாம் மாறிவிட்டது. அண்ணன் கடையை விற்றுவிட்டார், மாஸ்டர் வேறு இடத்தில் வேலை பார்க்கிறார், ஃப்ரிட்ஜ் மேல் ரேடியோ இல்லை, ஒவ்வொருவர் காதிலும் தனித்தனி போன். புவேப்லாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோவில் எது உண்மை எது புளுகு என்று பக்கத்தில் நிற்பவர்கூடச் சொல்ல வழியில்லை, அவர் காதில் வேறு ஏதோ ஓடுகிறது. 2006இல் ஒரே குரலை நாலு பேர் சேர்ந்து கேட்டோம், கேட்டுக்கொண்டே சண்டை போட்டோம். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

2024 அக்டோபரில் மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் இங்கேயே பிறந்தவன், ஏசி மெக்கானிக், 28 வயது. ஆங்கில பாட்காஸ்ட்தான் கேட்பான். கலிஃபோர்னியாவில் வாக்குச்சீட்டு எல்லாருக்கும் தபாலில் வந்துவிடும், இரண்டு சீட்டும் சாப்பாட்டு மேஜையில் கிடந்தன, அப்பாவுடையது ஸ்பானிஷில், மகனுடையது ஆங்கிலத்தில். அதிபர் இடத்தில் அவன் வேறு பக்கம் போடப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். "லத்தீனோன்னு சொல்லி என்கிட்ட ஓட்டுக் கேட்காதீங்க, பெட்ரோல் என்ன விலை, வாடகை என்ன விலைன்னு பேசுங்க" என்றான். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, அன்று அவர் லீவு கேட்டபோது அண்ணன் இருந்த மாதிரியே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு வாக்காளர் கையேட்டைப் பிரித்து 33ஆம் தீர்மானம், வாடகைக் கட்டுப்பாடு, அதை உரக்கப் படித்தார். மகன் தன் ஆங்கிலக் கையேட்டில் அதே பக்கத்தைத் தேடினான். வீட்டுக்காரர் இரண்டு வருடத்தில் எவ்வளவு ஏற்றினார் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள், மகன் ஒரு தொகை சொல்ல அப்பா இல்லை என்று திருத்தினார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். அதற்கு இருவரும் ஆம் என்று கட்டத்தை நிரப்பினார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை 18 டாலராக்கும் 32ஆம் தீர்மானத்துக்கு மறுபடி சண்டை.

சாயங்காலம் நூலகத்துக்கு முன்னால் இருக்கும் வாக்குப் பெட்டிக்கு மூன்று பேரும் நடந்தே போனோம். மாஸ்டர் மகன் கையிலிருந்து உறையை வாங்கி, பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறானா என்று தெருவிளக்கில் பிடித்துப் பார்த்தார். போட்டிருந்தான். அவனுடையதை முதலில் போட்டார், பிறகு தன்னுடையதை.